சாமித் தட்டில் வைத்த மாத்திரை

ஆப்பிரிக்காவுக்குப் போவதென்று முடிவானதும் என் பயங்களெல்லாம் எனக்கு முன்னால் அங்கே போய் இறங்கிவிட்டன. திறந்த ஜீப்பில் சிங்கம் ஏறுமா, கூடாரத்துத் துணியை யானை மிதிக்குமா, ஆற்றோரம் பிள்ளைகள் ஓடினால் யார் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே பினாங்கில் சமைத்தேன், பாடம் நடத்தினேன், துணி மடித்தேன். எங்கள் மூன்று வயது மகன் சாவின் விளிம்புவரை போய் வந்தது அங்கே அல்ல. பினாங்கின் ஜெலுத்தோங்கில், எங்கள் சொந்த வீட்டில், மாடிப்படிக்குக் கீழே. நாங்கள் விமானம் ஏறவே இல்லை.

அந்தப் பயண யோசனை என் கணவருடைய தம்பியிடமிருந்து வந்தது. அவர் நைரோபியில் சாலை போடும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. தொலைபேசியில் நாம் பேசியது நமக்கே திரும்பிக் கேட்கும்.

"அண்ணி, வீடு இருக்கு, காடி இருக்கு, டிரைவர் இருக்கான். நீங்க டிக்கெட் எடுத்து வந்தா போதும். அடுத்த வருசம் நான் இங்க இருப்பேனோ மாட்டேனோ."

நான் இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. சவானாப் புல்வெளியைப் பற்றி மலாய்ப் பாடப்புத்தகத்தை வைத்து வருடந்தோறும் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் கண்டத்தின் வடிவத்தைப் பார்க்காமலே வரைவேன். ஆனாலும் போகலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவருக்கு மேற்பார்வை வேலை. அதிகம் ஆசைப்படாத மனிதர். அவர் ஒன்றைக் கேட்டு நான் மறுத்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

பிள்ளைகள் எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவர்கள். மூத்தவளுக்கு எட்டு வயது. அவளுக்குப் பிறகு ஒன்று கலைந்து, இனி இல்லை என்று நாங்களே சொல்லிக்கொண்ட பிறகு வந்தவன் சின்னவன். எனக்கு அப்போதே நாற்பதைத் தாண்டியிருந்தது. பள்ளி வாசலில் என்னைப் பாட்டி என்று நினைத்துக் கேட்டவர்கள் உண்டு. அப்படிப் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போவதா என்று ஒரு நாள் தோன்றும், இவர்களுக்கு நான் வேறு எதைக் காட்டப்போகிறேன் என்று மறுநாள் தோன்றும்.

ஆயத்தங்கள் தொடங்கின. அங்கே ஒரு வகை ஈ உண்டு, நீல நிறத்தைத் தேடி வந்து கடிக்கும் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். பிள்ளைகளின் அலமாரியிலிருந்து நீலத் துணிகளையெல்லாம் தனியே எடுத்துக் கட்டி வைத்தேன். மகள் அழுதாள். அவளுடைய நல்ல சட்டை அத்தனையும் நீலம். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு ஜீப் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் அதில் ஏறி உட்காருவார்கள். அப்பாதான் சிங்கம். நான்கு காலில் அவர் சுற்றி வரும்போது யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. சின்னவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பு மூக்கு வழியாக வர, தாக்குப்பிடிப்பான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. எங்களுக்கு அதில் பெருமை இருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி குளிர்பானப் பெட்டிகளை வேனில் ஏற்றிக் கடைகளுக்குப் போடுகிறவர். சன்னல் வழியாக இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"டீச்சர், சிங்கம் பாக்கணும்னா தைப்பிங் ஜூவுல ஒண்ணு இருக்கு லா. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். கூண்டுக்குள்ள இருக்கு, பத்திரமா இருக்கு."

"அது தூங்கிக்கிட்டே இருக்குமே தம்பி."

"தூங்குற சிங்கம்தான் நல்ல சிங்கம்."

கிளினிக்கில் எங்கள் டாக்டரும் கிட்டத்தட்ட அதே தொனியில்தான் பேசினார். வயதானவர். பிள்ளைகள் இரண்டு பேரையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்.

"சிங்கத்த விடுங்க மிஸஸ். எனக்குக் கொசுவப் பத்தித்தான் கவலை."

மலேரியா வராமலிருக்க, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி வாரந்தோறும் விழுங்க வேண்டிய குளோரோகுயின் மாத்திரையை எழுதினார். எங்களுக்கு முழுசு. பிள்ளைகளுக்கு உடைத்து, பொடித்து, ஜாமில் கலந்து கொடுக்க வேண்டும். ரொம்பக் கசக்கும் என்றார். அந்தக் காலத்தில் மாத்திரைகளைச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் எண்ணிப் போட்டுக் கொடுப்பார்கள். விரலால் பிரித்தால் திறந்துகொள்ளும். கொடுக்கும்போது டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இத உயரத்துல வைங்க. சின்னவனுக்கு எட்டவே கூடாது. அவன் அளவுப் பிள்ளைக்கு ரெண்டு மூணு முழுங்கினாலே இருதயம் நின்னுடும். நான் பயமுறுத்தல."

அவர் பயமுறுத்தவில்லை. ஆனால் நான் பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் உறையை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, எங்கள் படுக்கையறை அலமாரியின் உச்சியில், நானே நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்தேன். தினமும் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை அதை நாங்களே கீழே இறக்கினோம்.

எங்கள் வீட்டில் புதிதாக வருவது எதுவும் முதலில் சாமி முன்னால் வைக்கப்படும். காடிச் சாவி, தேர்வுக்குப் போகும் பேனா, முதல் சம்பளம், மகளுடைய பள்ளிப் புத்தகங்கள். பித்தளைத் தட்டில் வைத்து, ஓரத்தில் குங்குமம் தொட்டு, சூடம் காட்டி, இரவு முழுக்க அங்கேயே விட்டு, மறுநாள் காலையில்தான் எடுப்போம். பெற்றோர் செய்தார்கள், நாங்களும் செய்தோம். யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைத்தான் சாமியறையாக வைத்திருந்தோம். பிள்ளைகளும் நின்று கும்பிடட்டும் என்று பலகையைத் தாழ்வாகவே போட்டிருந்தார் என் கணவர்.

அன்று மாலை பாஸ்போர்ட்டுகளையும் விமான டிக்கெட்டுகளையும் தட்டில் அடுக்கினேன். பக்கத்தில் வழக்கம்போல் கற்கண்டும் உலர்ந்த திராட்சையும்.

"மருந்தையும் வை. அங்க போய் நம்ம பிள்ளைங்களக் காப்பாத்தப் போறது அதுதான்" என்றார் என் கணவர்.

அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. நாளைக் காலையில் எடுத்துவிடலாம். இரவில் பிள்ளைகள் எங்களோடு மாடியில் தூங்குகிறவர்கள். உறையின் மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தேன்.

விடிவதற்குள் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் சாமியறைப் பக்கம் போவதில்லை. நான் பட்டம் படித்தவள், வகுப்பில் மாணவிகளுக்கு உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் விளக்குகிறவள். ஆனாலும் போவதில்லை. அதில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்குள் செருப்புப் போடாததைப் போல, அது ஒரு பழக்கம். என் கணவர் சனிக்கிழமையும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய தொழிற்சாலைப் பேருந்து தெருமுனையில் ஹார்ன் அடித்தது.

"நான் தூரமா இருக்கேன். அந்தத் தட்ட எடுத்து மேல வச்சிட்டுப் போங்க" என்றேன் சமையலறையிலிருந்து.

"இன்னும் விளக்கு ஏத்தலயே. அப்படியே எடுக்கக் கூடாது. மத்தியானம் வந்துருவேன், வந்து எடுக்கறேன்."

"மருந்து இருக்கு அதுல."

"அவன் இன்னும் எழுந்திருக்கலயே. வாசக் கதவ சாத்திக்கோ."

போய்விட்டார். நான் கூடத்தில் நின்று தட்டைப் பார்த்தேன். கையை நீட்டினால் எட்டியிருக்கும். மகள் எழுந்ததும் அவளை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் எழுந்தாள், சின்னவனும் எழுந்தான், பாலும் ரொட்டியும் கொடுத்தேன். அதற்குள் பயணத்துக்கு வாங்கிய அவளுடைய தொப்பி அளவு சரியில்லை என்று ஒரு வாக்குவாதம். மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து வேறொன்றைத் தேடினேன். அவள் என் பின்னால் வருவதும் கீழே போவதுமாக இருந்தாள். ஒரு தடவை வந்தபோது சொன்னாள்:

"அம்மா, தம்பி சாமி மாத்திரைய சாப்பிட்டுட்டான்."

நான் எப்படிக் கீழே வந்தேன் என்று நினைவில்லை. பலகைக்கு முன்னால் அவன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியிலும் மூக்கிலும் குங்குமம். கற்கண்டைக் காணோம், திராட்சையைக் காணோம். பிரிந்து கிடந்த உறை பாதிக்கு மேல் காலி. அவன் முகம் கோணியிருந்தது. வாயோரத்தில் வெள்ளைப் பொடி. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்:

"கசக்குதும்மா. நான் துப்பல."

கோயிலில் கொடுப்பதைத் துப்பக் கூடாது என்று நாங்கள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். கொஞ்ச நாளுக்கு முன்பு மாரியம்மன் கோயிலில் பூசாரி ஒரு வேப்பிலைக் கொழுந்தை அவன் வாயில் போட்டார். கண்ணில் நீர் வர மென்று விழுங்கிவிட்டு எங்களைப் பார்த்தான். சமத்து, சமத்து என்று நாங்கள் கை தட்டினோம். சுற்றி நின்றவர்களும் கை தட்டினார்கள். இப்போதும் அவன் அதற்காகத்தான் காத்திருந்தான்.

விரலை அவன் தொண்டைக்குள் விட்டேன். பாலும் திராட்சையும் வந்தன, வெள்ளையாகக் கொஞ்சம் வந்தது. போதாது என்று எனக்குத் தெரிந்தது. தட்டில் மிச்சமிருந்த உறையைப் பிடுங்கிக்கொண்டு, அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அப்போது நான் தூரம் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கவில்லை. "ஏறுங்க டீச்சர்" என்றார். என் மகளைப் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் தூக்கி உட்காரவைத்தார். சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் பாசார் சந்தையைச் சுற்றி எப்படியிருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள்கள், காய்கறிக் கூடைகள், நடு ரோட்டில் நிறுத்தி ஆள் இறக்கும் பேருந்துகள். அவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தலையை வெளியே நீட்டி மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் தமிழிலும் கத்தினார். பின்னால் கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதின.

"தூங்க விடாதீங்க டீச்சர். பேசுங்க அவன்கூட. டேய் பையா, சிங்கம் எப்படிடா கத்தும்?"

மகன் ஒரு தடவை, ரொம்ப மெதுவாக, கத்திக் காட்டினான். பிறகு, "அம்மா, இருட்டா இருக்கு" என்றான். வெயில் அவன் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் அவனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். இளம் மலாய்ப் பெண் மருத்துவர் ஒருவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் மேலிருந்த சிவப்பைத் தொட்டு, விரலைப் பார்த்து, இது ரத்தமா என்று கேட்டார். மாணவர்களுக்கு நாள் முழுக்க மலாயில் பாடம் சொல்கிற எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. சாமி கும்பிடுவதற்கு அவர்கள் சொல்லும் 'செம்பாயாங்' என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் உள்ளே ஓடினார்.

திரை முழுதாக மூடியிருக்கவில்லை. அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்தேன். பிறகு அது நின்றது. இழுப்பு நின்றுவிட்டது என்று நான் நினைத்தேன். நின்றது அவன் இருதயம். ஒருவர் அவன் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். அவ்வளவு சின்ன நெஞ்சு, ஒரு உள்ளங்கைதான். தாதி மிசி ஒருவர் வந்து திரையை இழுத்து மூடி, என் தோளைப் பிடித்து வெளியே உட்காரவைத்தார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையில் அந்தப் பெரிய தொப்பி இன்னும் இருந்தது.

என் கணவர் தொழிற்சாலை மேலங்கியோடு வந்து சேர்ந்தார்.  தட்டை ஏன் எடுக்கவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இருவருக்கும் ஒரே பதில்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் மகள்தான் பேசினாள், யாரிடம் என்றில்லாமல்.

"நான் பாத்தேன். அவன் சாமி கும்பிடறான்னு நெனச்சேன். அதான் தொந்தரவு பண்ணல."

"உன் மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவள் அப்பா. அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கண் முழுக்க அந்தத் திரையில்தான் இருந்தது.

இருதயத்தைத் திரும்ப ஓடவைத்துவிட்டார்கள். அதன் பிறகும் பல நாள் குழாய்தான் அவனுக்காக மூச்சு விட்டது. இருதயம் நின்ற நேரத்தில் மூளைக்கு என்ன ஆனதென்று விழித்தால்தான் தெரியும் என்றார்கள். விழிப்பானா என்று கேட்டேன். காத்திருப்போம் என்றார் அந்த மருத்துவர். ஒரு தாயிடம் சொல்லக்கூடிய மிக நேர்மையான வார்த்தை அதுதான். கேட்பதற்கு அதைவிடக் கொடியதும் இல்லை.

விழித்தான். முதலில் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். அவனுடைய பார்வை இறங்கி என் மேல் வந்து நிற்க ஒரு பகல் ஆனது. "தண்ணி" என்றான். என் கணவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி நடக்கப் பழக வேண்டியிருந்தது. வலக்கையில் கரண்டி நிற்கவில்லை. சரியாகிவிடும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். பெரும்பாலும் சரியாகிவிட்டது. இன்றும் அவன் ஒரு சொல்லுக்காகத் தயங்கும்போது, கணக்குப் போடத் தடுமாறும்போது, அது அவனுடைய இயல்பா, அந்தக் காலைப்பொழுதா என்று எனக்குத் தெரிவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை.

நைரோபியிலிருந்து கொழுந்தனார் கூப்பிட்டார். தன் அழைப்பினால்தான் எல்லாம் நடந்தது என்பதுபோல அழுதார். அடுத்த வருடம் வாங்க என்று அவரும் சொல்லவில்லை, வருகிறோம் என்று நாங்களும் சொல்லவில்லை. கட்டி வைத்த நீலத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நாற்காலிகள் பழையபடி மேசையைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் வேலியருகில் நின்று, "பையன் எப்படி டீச்சர்?" என்று மட்டும் கேட்பார். வேடிக்கைப் பேச்சு அவரிடமிருந்து போய்விட்டது.

வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: சாமிதான் காப்பாத்துச்சு. தட்டில் வைத்ததை எடுத்துத்தானே அவன் தின்றான் என்று யாரும் சொல்லவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு மொட்டை போடுவதாக உறவினர்கள் நேர்ந்துகொண்டிருந்தார்கள். நடக்கத் தொடங்கியதும் செய்துவிட வேண்டும் என்றார்கள். மறுப்பதற்கு எனக்குத் தெம்பில்லை.

மொட்டை அடித்து, சந்தனம் பூசி, அவனை அம்மன் சன்னிதிக்கு முன்னால் நிறுத்தினோம். தலை மிகச் சிறியதாகத் தெரிந்தது. பூசாரி தீபம் காட்டிவிட்டு, சர்க்கரைப் பொங்கலைக் கொஞ்சம் இலையில் எடுத்து அவன் பக்கம் நீட்டினார். அவன் கண்ணை மூடி வாயைத் திறந்தான். எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு அகலமாக. என் கை தானாகப் போய் அவன் வாயை மூடியது.

"என்னம்மா, பிரசாதம்" என்றார் பூசாரி. பின்னால் வரிசை காத்து நின்றது. என் கணவர் மெதுவாக, "கைய எடு" என்றார். எடுக்க முடியவில்லை. அவன் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது.

அப்போது மகள் எனக்கும் பூசாரிக்கும் நடுவில் புகுந்தாள். இலையிலிருந்து ஒரு விரல் பொங்கலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்கவில்லை. அடக்கிக்கொண்டு, எதையோ கவனித்துக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்து நின்றாள். பிறகு விழுங்கினாள். கொஞ்சம் காத்திருந்தாள்.

"கசக்கலம்மா. தம்பிக்குக் குடுக்கலாம்."

அதைச் சொன்ன விதத்தில் புதிதாக எதுவும் இல்லை. பழகிய குரல். மருத்துவமனையிலிருந்து அவன் வந்த நாள் முதல் அவன் கஞ்சிக் கிண்ணத்தை அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாலையும் அவள்தான் கொடுத்தாள். பொறுப்பான பிள்ளை என்று நான் வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். சமையலறைக்கும் அறைக்கும் இடையில் அவள் ஏன் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் நின்றாள் என்பது கோயிலில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து அவனுக்குப் போகும் ஒவ்வொரு கவளத்தையும் அவள் கண் முன்னால் நான் முதலில் சாப்பிட்டேன். அதன் பிறகும் அவள் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டே விட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். திட்டினோம். டாக்டரிடம் அழைத்துப் போனோம். இப்போது அவன் அவளைவிட உயரம். வெளியே எங்காவது சாப்பிடப் போனால், பேச்சை நிறுத்தாமல், அவன் தட்டிலிருந்து முதலில் ஒரு வாய் எடுத்துக்கொள்கிறாள். அக்கா எப்பவும் என் சாப்பாட்டத் திருடுறா என்று அவன் சிரிக்கிறான். அவனுக்கு அந்தக் காலை எதுவும் நினைவில்லை. நாங்களும் அவனிடம் சொன்னதில்லை. அவள் விழுங்கி முடிக்கும்வரை நானும் அவள் அப்பாவும் எங்கள் தட்டைத் தொடுவதில்லை.